90 மீட்டர் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குவியல்: 1:1.5 சாய்வு போதுமா?

மண்வெட்டி_06 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் இருந்து செய்கிற ஒரு டிசைன் வேலை. இடம் இந்தியா, மகாராஷ்டிரத்தின் வர்தா பள்ளத்தாக்கு. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரிக்கு மேல் கிடக்கிற மண்ணையும் பாறையையும் தோண்டிச் சுரங்கத்துக்கு வெளியே குவிக்க வேண்டும். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லாதபடியால் இங்கே கேட்டுப் பார்க்க ஆள் குறைவு. எங்களுக்குப் பழக்கம் றோட்டுக் கரையும் மலைநாட்டுச் சரிவும்தான்.

விபரம் இதுதான். மொத்த உயரம் 90 மீ, தலா 30 மீட்டரில் மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் முகமும் 37 பாகை. இடையில் 8 மீ அகலத்தில் இரண்டு பெர்ம் (அடுக்குகளுக்கு இடையே விடும் தட்டையான படி). ஒட்டுமொத்தச் சாய்வு 33.6 பாகை வருது, அதாவது 1:1.5 க்குள் (1 மீ ஏற 1.5 மீ கிடை) நிற்குது. முன்பக்க நீளம் 1.2 கி.மீ.

கொட்டும் பொருள் உடைந்த மணற்கல், ஷேல் (இறுகிய களிப்பாறை), கொஞ்சம் களி. உராய்வுக் கோணம் (உராய்வால் வரும் வலிமையின் அளவு) 36 பாகை, பிணைவு (சுமை இல்லாமலே துகள்கள் ஒட்டி நிற்கும் வலிமை) 25 கிலோபாஸ்கல், நிறை ஒரு கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் என்று எடுத்திருக்கிறேன். தரை ஒரு ஓடைப் பக்கமாக 4 பாகை சரியுது. மேலே 2 முதல் 4 மீ வரை கரிசல் களி (ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடிக்கிற கறுப்புக் களி), அதற்குக் கீழே சிதைந்த மணற்கல். ஓடைக்குக் கிட்ட மழை முடிந்தும் ஈரமாக இருக்கிற இரண்டு மூன்று இடம் சர்வே வரைபடத்தில் குறித்திருக்கு.

பிஷப் முறையில் (சறுக்கும் பாதையை வட்டவில்லாக எடுக்கிற கணக்கு) வட்டச் சறுக்கல் பார்த்தேன், பாதுகாப்புக் காரணி (தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தது, 1 க்குக் கீழே போனால் சரியும்) 1.31. தேவை 1.3. இதோடு அறிக்கையை எழுதி அனுப்பலாமா? வடிகாலுக்கும் கண்காணிப்புக்கும் என்ன போட வேண்டும்?

---

பழைய_கோணமானி:

அனுப்ப வேண்டாம் தம்பி. மூன்று இடத்தில் பிழை இருக்கு. மூன்றாவதுதான் குவியலையே கொண்டுபோகும்.

முதலாவது சட்டம். இந்தியாவின் 2017 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் சொல்வது மேல் எல்லை. முகம் 37.5 பாகையைத் தாண்டக்கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் பெஞ்ச் வெட்ட வேண்டும், ஒட்டுமொத்தம் 1:1.5 ஐத் தாண்டக்கூடாது, பிறருடைய கட்டடம், ரயில் பாதை, பொது வீதி ஆகியவற்றுக்கு 100 மீட்டருக்குள் அடிவிளிம்பு வரக்கூடாது. அந்த எல்லைக்குள் நின்றால் குவியல் நிற்கும் என்று அது எங்கேயும் உத்தரவாதம் தரவில்லை. கீழே என்ன தரை இருக்கிறது என்று சட்டத்துக்குத் தெரியாது.

இரண்டாவது அந்த 25 கிலோபாஸ்கல் பிணைவு. டிப்பரில் இருந்து கொட்டிய உடைகல்லுக்கு அது எங்கிருந்து வந்தது? 60 மி.மீ. பெட்டியில், 100, 200, 300 கிலோபாஸ்கல் தகைப்பில் (ஓர் அலகுப் பரப்பின் மேல் அமுக்கும் விசை) செய்த நேர்வெட்டுச் சோதனையின் (மண்ணைப் பெட்டியில் அமுக்கிப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது) கோட்டைப் பின்னுக்கு இழுத்தால் இப்படி ஒரு வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் அளவு) வரும். உடைகல்லின் வெட்டு வலிமைக் கோடு உண்மையில் வளைகோடு. தகைப்பு கூடக்கூட உராய்வுக் கோணம் குறையும். 90 மீட்டருக்கு அடியில் தகைப்பு 90 × 19, அதாவது 1,710 கிலோபாஸ்கல். 300 இல் சோதித்ததை அங்கே பாவிக்க முடியாது. பிணைவைப் பூச்சியமாக்கிவிட்டு ஒரு கைக்கணக்குப் போடுங்கோ: 36 பாகையின் தான்சன் (tan) 0.7265, 33.6 பாகையின் தான்சன் 0.664. வகுத்தால் 1.09. உங்கள் 1.31 இல் இருந்த மிச்சம் முழுக்க அந்தப் பிணைவுதான், அதுவும் தண்ணீரே இல்லாத நிலையில்.

37 பாகை முகத்தின் மேற்பரப்பு எப்படியும் 1.0 ஐ ஒட்டித்தான் நிற்கும். கொட்டும் பொருள் தானாகப் படுக்கிற கோணமே அது. அங்கே நடக்கிற சிறு சரிவுகளுக்குப் பயப்படத் தேவையில்லை, அவற்றைப் பிடிக்கத்தான் பெர்ம். பார்க்க வேண்டியது ஒட்டுமொத்தச் சாய்வு.

மூன்றாவது, வட்டம். கீழே மெல்லிய களிப்படை இருந்தால் குவியல் வட்டமாகச் சறுக்காது. களியின் மேல் தட்டையாக வழுக்கும், பின்பக்கம் மட்டும் செங்குத்தாகப் பிளந்து இறங்கும். வட்டத் தேடல் இந்தப் பாதையைக் காணவே காணாது. ஒரு கடதாசியில் செய்து பார்க்கலாம்.

உச்சிவிளிம்புக்கு நேர்கீழே நிலைக்குத்தாக ஒரு வெட்டு. உள்பக்கம் தள்ளுது, வெளிப்பக்க முக்கோணம் தாங்குது. 36 பாகைக்கு உந்து அமுக்கக் குணகம் (நிலைக்குத்துத் தகைப்பில் எத்தனை பங்கு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது) 0.26. உந்துவிசை 0.5 × 0.26 × 19 × 90 × 90, ஏறத்தாழ 20,000 கிலோநியூட்டன், ஒரு மீட்டர் நீளத்துக்கு. வெளி முக்கோணத்தின் அடி 135 மீ, நிறை 115,400 கிலோநியூட்டன். கரிசல் களி ஒருமுறை வழுக்கிய பிறகு மிஞ்சுகிற உராய்வுக் கோணத்தை 12 பாகை என்று வைப்போம்.

தரை மட்டமாக இருந்தால் தடை 24,500, காரணி 1.23. உங்கள் தரை 4 பாகை வெளிப்பக்கம் சரியுது. நிறையின் சைன் கூறு 8,050 தள்ளுகிற பக்கம் போய்ச் சேரும். 24,500 ஐ 28,050 ஆல் வகுங்கோ. 0.87.

களியில் நிறையின் 20 வீதம் அளவுக்கு நுண்துளை நீரமுக்கம் (துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அமுக்கம்) இருந்தால் 0.70. பேப்பரில் 1.31 ஆக நிற்கிற அதே குவியல் இது.

---

மண்வெட்டி_06:

நன்றி அண்ணா. ஸ்பென்சர் முறையில், வட்டமில்லாத பாதையில் ஓடவிட்டேன். 0.9 ஐச் சுற்றித்தான் வருது. அப்போ சாய்வைப் படுக்க வைக்கவா, களியைத் தோண்டி எடுக்கவா? தோண்டுவதென்றால் கம்பனி முகம் சுளிக்கும். அடிவிளிம்பில் மட்டும் ஒரு 60 மீ அகலத்துக்கு எடுத்துவிட்டுக் கல்லால் நிரப்பினால் போதாதா? அணைக்கரைகளில் அப்படித்தானே செய்கிறோம்.

---

கொட்டாஞ்சேனை13:

சாய்வைப் படுக்க வைப்பதைக் கணக்கில் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கோ. அதே கைக்கணக்கில் 24 பாகைக்கு 1.14, 20 பாகைக்கு 1.29. 20 பாகை என்றால் பெர்ம் ஒவ்வொன்றும் 64 மீ அகலம், அடிவிளிம்பு 112 மீ வெளியே போகும், 1.2 கி.மீ. நீளத்துக்கு 13 ஹெக்டேருக்கு மேல் காணி. ஓடையும் அதற்குள் போய்விடும். அப்படியும் 1.3 வரவில்லை.

களியை எடுத்து, சிதைந்த மணற்கல்லைச் சுரண்டிக் கரடுமுரடாக்கி, அதன் மேல் கல்லைக் கொட்டினால் அடியின் கோணம் 28 பாகைக்குக் குறையாது. உங்கள் பழைய 33.6 பாகைச் சாய்விலேயே அடிச்சறுக்கலின் காரணி 2.2 க்குப் போகும். அதற்குப் பிறகு குவியலின் உள் வலிமைதான் தீர்மானிக்கும்: 28 பாகை ஒட்டுமொத்தச் சாய்வு, 25 மீ பெர்ம் இரண்டு, பிணைவு பூச்சியம். காரணி 1.37. இதுதான் செய்யக்கூடிய வடிவம்.

அடிவிளிம்பில் 60 மீ எடுப்பது பற்றி. உராய்வு நிறையில் இருந்து வருகிறது. முக்கோணத்தின் நுனியில் நிறை ஏது? 135 மீட்டரில் வெளி 60 மீட்டரில் இருப்பது மொத்த நிறையின் ஐந்தில் ஒரு பங்குதான். அங்கே மட்டும் எடுத்தால் 0.87 என்பது 1.13 ஆகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக உட்பக்க 75 மீட்டரை எடுத்தால் 1.9. ஆகவே நுனியை விட்டுவிட்டு உள்ளே எடுங்கோ, 75 × 3 × 1,200, மொத்தம் 270,000 கன மீட்டர்தான்.

இன்னொன்று. அந்த 12 பாகை என்பது களி மெதுவாக நீரை விட்டு இறுகும் கணக்கு. டம்பர் கொட்டுகிற வேகத்துக்குக் களி காத்திருக்காது. நீர் நிரம்பிய களியின் வடியா வலிமை (நீர் வெளியேற நேரமில்லாதபோது இருக்கும் வலிமை) 40 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்காட்டுக்கு வையுங்கோ. முதல் அடுக்கு 30 மீட்டரையும் ஒரே மூச்சில் கொட்டினால் காரணி 0.53. 15 மீட்டருக்கு 1.06. 10 மீட்டருக்கு 1.6. வறண்ட காலத்தில் வெடித்து இறுகிக் கிடக்கிற கரிசல் களி இதைவிடப் பல மடங்கு பலமாகத் தெரியும். துளைக்கருவியோடு மே மாதம் போனவர் கொண்டுவருகிற எண்ணை நம்பி ஓகஸ்ட் மாதத்துக்கு டிசைன் செய்ய முடியாது.

களி இறுக எவ்வளவு காலம்? 3 மீ படை, மேலும் கீழும் நீர் வடியும், இறுகற் குணகம் (நீர் வடிந்து களி இறுகும் வேகத்தின் அளவு) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால் 90 வீதம் இறுக 1.9 வருடம். ஒரு பக்கம் மட்டும் வடிந்தால் 7.6 வருடம். முத்துராஜவெல சேற்றில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை போட்டதை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

கொழும்பில் இருந்துகொண்டு இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், மீதொட்டமுல்ல. அது குப்பைமேடு, நிலக்கரி இல்லை. ஆனாலும் மென்மையான சதுப்பு மண்ணின் மேல் அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றியதே அங்கேயும் அடிப்படை. மேடு இறங்க, சுற்றுவட்டத்து நிலம் பக்கவாட்டில் நகர்ந்து மேலே பொங்கியது. 32 பேர் இறந்தார்கள். எல்லோரும் மேட்டின் உயரத்தையும் சரிவையும் பற்றிக் கதைத்தார்கள், கீழே இருந்த மண்ணைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு.

---

பழைய_கோணமானி:

கொட்டாஞ்சேனை சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நுனியை விட்டுவிட்டு உள்ளே மட்டும் எடுங்கோ என்பது ஆபத்து.

பெரிய துண்டின் காரணி 1.9 என்பது உண்மை. ஆனால் சறுக்கல் உச்சியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? வெட்டை உச்சியில் போடாமல் அடிவிளிம்பில் இருந்து 60 மீ உள்ளே போடுங்கோ. அங்கே குவியலின் உயரம் கிட்டத்தட்ட 32 மீ. அதற்கு வெளியே இருக்கிற முக்கோணம் முழுக்கக் களியின் மேல். பின்னால் இருக்கிற மண்ணும் மேல்நோக்கிச் சரிந்து நிற்பதால் உந்து அமுக்கக் குணகம் 0.38. 28 பாகைச் சாய்விலேயே அந்தச் சின்னத் துண்டுக்கு 0.9 தான் வருது. அது போனால் அடுத்த துண்டுக்கு முட்டு இல்லை, அதுவும் போகும். அடியில் இருந்து படிப்படியாகப் பின்னோக்கித் தின்னும் சரிவு இப்படித்தான் தொடங்கும். வெட்டை ஒரே இடத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் இது தெரியாது. குறைந்தது 10 மீட்டருக்கு ஒன்றாக வெட்டை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

---

கொட்டாஞ்சேனை13:

ஒத்துக்கொள்கிறேன், வெட்டை நகர்த்திப் பார்க்கவில்லை. அப்படியென்றால் சாய்வுக்குக் கீழே இருக்கிற 170 மீட்டரும் எடுக்க வேண்டும்: 170 × 3 × 1,200, மொத்தம் 612,000 கன மீட்டர். உச்சிக்கு உள்ளே, மேல்தட்டுக்கு அடியில் உள்ள களியை விட்டுவிடலாம்.

அதுவும் கூடிப்போனால் ஒன்றுவிட்டு ஒன்று. அடிவிளிம்புக்குச் சமாந்தரமாக 20 மீ அகலத்தில் வாய்க்கால் போல வெட்டிக் களியை எடு, 10 மீ விடு, மறுபடி 20 எடு. முதல் பட்டை அடிவிளிம்பிலேயே தொடங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பாறை, ஒரு பங்கு களி, சராசரி தான்சன் 0.425. 28 பாகைச் சாய்வில் உச்சி வெட்டுக்குக் காரணி 2.0. அளவு 408,000 கன மீட்டர். இரண்டு இலட்சம் மிச்சம்.

ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வாய்க்காலும் தொட்டியாகிவிடும். விட்ட களிவரம்பை 50 மீட்டருக்கு ஒருமுறை குறுக்காக வெட்டி, கல் நிரப்பி, கீழ்ப்பக்க வாய்க்காலோடு இணைக்காவிட்டால் நீங்களே குவியலுக்கு அடியில் குளம் கட்டின மாதிரி.

---

நீர்மட்டம்:

ஓடைக்குக் கிட்ட ஈரமான இரண்டு மூன்று இடம் என்று கேள்வியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை இதுவரை யாரும் தொடவில்லை. எனக்கு முழுக் கேள்வியிலும் அந்த வரிதான் பெரிதாகத் தெரியுது.

1966 ஒக்டோபர் 21, வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான். நிலக்கரிக் கழிவின் 7ஆம் இலக்கக் குவியல் மலையில் இருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர், அதில் 116 பேர் சிறுவர்கள். அந்தக் குவியலை ஊற்றுகளின் மேல் கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்றுகள் அரசாங்க வரைபடத்தில் அச்சிலேயே இருந்தவை. அதற்குப் பிறகுதான் 1969 இல் பிரித்தானியாவில் சுரங்கக் குவியல்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது.

ஆகவே முதல் வேலை அந்த இடங்களுக்கு ஆள் அனுப்பி, மழை முடிந்த கையோடு ஒரு முறை, கடும் வறட்சியில் ஒரு முறை வரத்தை அளப்பது. வாளியும் நிறுத்தற் கடிகாரமும் போதும். குவியலை நகர்த்தி ஊற்றைத் தவிர்க்க முடிந்தால் அதுதான் உத்தமம். முடியாவிட்டால் கல் வடிகால்.

அடி வடிகாலை இப்படிப் போடலாம். ஊற்றில் இருந்து அடிவிளிம்புக்கு வெளியே வரை, 2 மீ அகலம், 1.5 மீ ஆழம். உள்ளே 150 முதல் 300 மி.மீ. மணற்கல். சுற்றி ஜியோடெக்ஸ்டைல் (நீரை விட்டு மண்ணை மறிக்கும் துணி), அதன் மேல் அரை மீட்டர் சரளை, பிறகுதான் டம்பர் கொட்டலாம். கொள்ளளவுக்கு டார்சி விதியே (ஊடுபுகுதிறன் × சரிவு × பரப்பு) போதும்: ஊடுபுகுதிறன் செக்கனுக்கு 0.1 மீ, சரிவு 0.07, பரப்பு 3 சதுர மீட்டர், செக்கனுக்கு 21 லீற்றர். அளந்த வரத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், பாதி அடைபட்டாலும் ஓடட்டும்.

கல்லைத் தேர்வதில்தான் கெட்டுப்போகும். சுரங்கத்தில் வருகிற ஷேல் வெளியே எடுக்கும்போது கல் மாதிரி இருக்கும், இரண்டு மழை கண்டால் களியாகக் கரையும். கரைதல் தாங்குதிறன் சோதனை செய்யாமல் ஒரு லோட் கூட வடிகாலுக்குப் போகக்கூடாது. அவசரத்துக்கு: கைப்பிடி அளவு கல்லை வாளித் தண்ணீரில் ஓரிரவு போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி போடுங்கோ. மூன்றாம் சுற்றில் விரலால் பிய்ந்தால் ஷேல்.

மேல் தண்ணீருக்கு வருவோம். குவியலின் மேல்பக்கத்துக் காணியில் இருந்து வரும் நீர் குவியலைத் தொடவே கூடாது. சுற்று வடிகால் கொட்டத் தொடங்குவதற்கு முன்னரே இருக்க வேண்டும். 40 ஹெக்டேர் நீரேந்து பரப்பு, ஓட்டக் குணகம் (மழையில் மேலே ஓடும் பங்கு) 0.6, மணிக்கு 100 மி.மீ. மழை: 0.6 × 100 × 40 ÷ 360, செக்கனுக்கு 6.7 கன மீட்டர். செக்கனுக்கு 2 மீ வேகத்தில் ஓட 3.3 சதுர மீட்டர் வேண்டும். அடி 1.5 மீ, பக்கம் 1:1, நீராழம் 1.25 மீ என்றால் 3.4 வரும். மேலே 0.3 மீ விளிம்பு விடுங்கோ. பரப்பும் மழையும் உங்கள் இடத்துக்கு மாற்றிப் போடுங்கோ, இது முறைக்கு மட்டும்.

பெர்ம் வெளிப்பக்கம் சரியக்கூடாது, உள்பக்கமாக 2 முதல் 3 வீதம், நீளவாக்கில் 1 வீதம், 150 அல்லது 200 மீட்டருக்கு ஒரு கற்சரிவு வடிகால். உள்பக்கச் சரிவு என்றால் பெர்மின் வேரில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அதில் நியாயம் இருக்கு. அதனால்தான் அந்த ஓரத்தில் 0.5 மீ களியை அடித்து இறுக்கி அதன் மேல் வடிகால் வெட்டுவது. தோண்டி எடுத்த கரிசல் களிக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கும். குவியல் அமிழ அமிழ அந்த 1 வீதம் காணாமல் போகும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் மட்டம் பிடித்துத் திருத்தாவிட்டால் பெர்ம் குளமாகும்.

நிலக்கரி கழுவும் ஆலையின் சேற்றை இந்தக் குவியலுக்குக் கொண்டுவர விடாதீர்கள். கொஞ்சம்தானே என்று தொடங்குவார்கள்.

---

மைன்_சர்வே:

வடிவம் முடிந்தது, இனிக் கட்டுகிற ஒழுங்கு. டிசைன் அறிக்கையில் பெரும்பாலும் இது இருக்காது, டோசர் ஓட்டுகிறவர் தன்பாட்டில் முடிவெடுப்பார்.

மேலே நின்று கீழே தள்ளுவதா, கீழிருந்து படையாகக் கட்டுவதா என்பது முதல் கேள்வி. 30 மீ விளிம்பில் இருந்து கொட்டினால் பெரிய கல் உருண்டு அடிக்குப் போகும், தூள் மேலே தங்கும். அடியில் தானாகவே ஒரு கல்வடிகால் கிடைக்கும், அது நன்மை. ஆனால் பொருள் இறுகாது, தூள்படைகள் முகத்துக்குச் சமாந்தரமாகச் சரிந்து கிடக்கும், அடித்தரை ஒரே நாளில் 30 மீ சுமையைக் காணும். களிவரம்பு விட்ட தரையில் அது கூடாது. முதல் அடுக்கை 10 மீ உயரப் படிகளாகக் கட்டுங்கோ, கொட்டாஞ்சேனை போட்ட வடியா வலிமைக் கணக்குக்கு அதுதான் பொருந்தும். முழு அடிவிளிம்பு நீளத்திலும் முதல் படி முடிந்த பிறகே அதன் மேல் அடுத்தது. ஓடைப் பக்கத் தாழ்வான மூலையில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கோ. மேட்டுப் பக்கத்தில் தொடங்கித் தாழ்வை நோக்கித் தள்ளினால் ஈரச் சேறு முழுக்க முன்னால் உருண்டு கடைசியில் அடிவிளிம்புக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும்.

வெளிமுகத்தில் இருந்து உள்ளே குறைந்தது 40 மீ வரை மணற்கல் மட்டும். களியும் ஈரச் சேறும் நடுவில், கல்லோடு கலந்து. மழைக்காலத்தில் சுரங்கத்தில் இருந்து வரும் முதல் லோடுகள் சேறாகத்தான் இருக்கும். அவற்றுக்கு இடம் முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் டிரைவர் கிட்ட இருக்கிற விளிம்பில் கொட்டிவிட்டுப் போவார். அடுத்த வருடம் அந்தப் படை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரித்துண்டும் கறுப்பு ஷேலும் வெளிமுகத்தில் கிடந்தால் காற்றுப் பட்டு சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். உள்ளே போட்டு, அரை மீட்டர் படையாக அடித்து இறுக்கி, மூடுங்கோ. எரிந்து வெறுமையான இடம் மேலே தெரியாது, டம்பர் ஏறும்போதுதான் இறங்கும்.

விளிம்பில் பாதுகாப்பு மண்வரம்பு, குறைந்தது அங்கே ஓடுகிற மிகப்பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி உயரம். 100 தொன் டம்பருக்குச் சக்கரம் 2.7 மீ அளவில் இருக்கும், வரம்பு 1.35 மீ. வரம்பு வண்டியை நிறுத்துவதற்கு இல்லை, டிரைவருக்கு விளிம்பு எங்கே என்று காட்டுவதற்கு. இரவிலும் மழையிலும் விளிம்பில் கொட்டாமல் 10, 15 மீ உள்ளே கொட்டி டோசரால் தள்ளுங்கோ. இன்னொரு பழக்கம் எங்கேயும் உண்டு: அடிவிளிம்பில் இருந்து பெக்கோவால் (மண் அள்ளும் இயந்திரம்) கொஞ்சம் மண் அள்ளி றோட்டுக்குப் போடுவது. முட்டுக்கொடுத்திருக்கிற மண்ணை எடுக்கிறோம் என்று அள்ளுகிறவருக்குத் தெரியாது. அறிக்கையில் தடித்த எழுத்தில் தடை போடுங்கோ.

கண்காணிப்புக்கு விலைகூடிய ரேடார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நடக்கும். களிவரம்புகளுக்குள் அதிர்கம்பி நீரமுக்கமானி, குறுக்குவெட்டு ஒன்றுக்கு மூன்று, மொத்தம் நான்கு வெட்டு. பெர்ம்களிலும் உச்சியிலும் 50 மீட்டருக்கு ஒரு பிரிசம் (சர்வே கருவியால் நகர்வை அளக்க வைக்கும் கண்ணாடிக் குறி). அடிவிளிம்புக்கு வெளியே 5, 10, 20 மீட்டரில் மட்டக் கட்டைகள். இந்தக் கடைசியை எல்லோரும் மறப்பார்கள். களியில் சறுக்கத் தொடங்கும் குவியல் முதலில் அடிக்கு வெளியே தரையைத் தூக்கும், உச்சியில் வெடிப்பு வருவது அதற்குப் பிறகாகவும் இருக்கலாம். உச்சியில் வெடிப்பு வந்தால் இரண்டு பக்கமும் ஆணி அடித்து டேப்பால் அளவெடுங்கோ, ஷிப்டுக்கு ஒரு தரம். வெடிப்பை டோசரால் மூடிவிட்டு வேலையைத் தொடர்வது தற்கொலைக்குச் சமம்.

நாளுக்கு எத்தனை மி.மீ. என்ற எண்ணை விட அது கூடுகிறதா என்பதே முக்கியம். வேகத்தைத் தலைகீழாக்கி நாளுக்கு எதிராகக் கோடு போடுங்கோ. 4, 5, 8, 16 மி.மீ. என்று நான்கு நாள் வந்தால் தலைகீழ் 0.25, 0.20, 0.125, 0.0625. கோடு பூச்சியத்தைத் தொடும் நாள் ஐந்தாவது. அதாவது நாளை. எட்டு வந்த அன்றைக்கே கொட்டுவதை நிறுத்தி, கீழே இருக்கிற ஆளையும் மெஷினையும் எடுத்திருக்க வேண்டும். ஜார்க்கண்டின் ராஜ்மஹால் சுரங்கத்தில் 2016 டிசம்பர் 29 அன்று சரிவில் 23 பேர் போனபோது கீழே வேலை நடந்துகொண்டிருந்தது.

---

மண்வெட்டி_06:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு 28 பாகை, 25 மீ பெர்ம், 20க்கு 10 என்ற களி வெட்டு, 10 மீ படி என்று திருத்துகிறேன். இரண்டு சந்தேகம். மழை எச்சரிக்கைக்கு இலங்கைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் 75, 100, 150 மி.மீ. எல்லைகளையே போடலாமா? களிக்கு என்ன சோதனை செய்விப்பது?

---

நீர்மட்டம்:

அந்த எண்கள் 24 மணி நேர மழைக்கு, எங்கள் மலைநாட்டு இயற்கைச் சரிவுகளுக்கு, எங்கள் மண்சரிவுப் பதிவுகளில் இருந்து வந்தவை. குவியலின் ஆபத்து அதே நாளில் வராது. மழை நின்று ஐந்தாறு நாள் கழித்து அடி நீரமுக்கம் உச்சத்துக்கு வரலாம். மழைமானியை வேலையை நிறுத்தும் சைகைக்கு வைத்துக்கொள்ளுங்கோ, எச்சரிக்கை மட்டத்தை நீரமுக்கமானியில் கட்டுங்கோ. ஸ்பென்சர் கணக்கில் காரணி 1.2 க்கு இறங்குகிற அமுக்கம் எதுவோ அது மஞ்சள், 1.1 க்கு இறங்குவது சிவப்பு. ஒவ்வொரு மானிக்கும் தனித்தனி எண் வரும், அதை மானியின் பெட்டியிலேயே பெயின்ற்றால் எழுதிவையுங்கோ.

பழைய_கோணமானி:

களிக்கு வளைய வெட்டுச் சோதனை, எஞ்சிய வலிமைக்கு (வழுக்கிய பிறகு மிஞ்சுவது). 500, 1,000, 1,700 கிலோபாஸ்கல் தகைப்புகளில் கேளுங்கோ, கருவி அந்த உச்சம் வரை போகுமா என்று முதலே விசாரியுங்கோ. வடியா வலிமைக்கு மழை முடிந்தவுடன் தளத்தில் வேன் சோதனை (களிக்குள் இறக்கை போன்ற தகடைச் சுழற்றிப் பார்ப்பது), கோடையில் செய்ததைச் செல்லாது என்று எழுதிவிடுங்கோ. கல்லுக்கு 300 மி.மீ. பெட்டி, அதற்குள் 30 மி.மீ. இற்கு மேல் கல் போடக்கூடாது. களிமாதிரியை மெழுகு பூசி அனுப்பச் சொல்லுங்கோ. பிளாஸ்டிக் பையில் காய்ந்து வருகிற களி எல்லாச் சோதனையிலும் பாஸாகும்.